எலக்ட்ரானிக் பார்ட் மார்க்கெட்ட படிச்சு வாங்குறது எப்படி: சின்ன யூனிட் நடத்துறவங்களுக்கு

பார்ட் இல்லாம லைன் நிக்குதுன்னு சொல்ற கம்பெனியில போய் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் நிப்பாட்டி வச்சிருக்கிறது பெரிய ப்ராசஸரா இருக்காது, ஒரு ரூபா ரெண்டு ரூபா டிரான்சிஸ்டரோ டயோடோ தான் இருக்கும். 2025 அக்டோபர்ல கார் கம்பெனிங்களுக்கே இந்த நிலைமை வந்துச்சு. செப்டம்பர் 30ஆம் தேதி நெதர்லாந்து அரசாங்கம் 1952ல போட்ட ஒரு பழைய சட்டத்தை எடுத்து நெக்ஸ்பீரியா கம்பெனியோட நிர்வாகத்துல தலையிட்டுச்சு, அதோட ஓனர் சீனாவோட விங்டெக், பதிலுக்கு அக்டோபர் 4ல சீனா நெக்ஸ்பீரியா சரக்கு நாட்டை விட்டு வெளிய போகக்கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. நெக்ஸ்பீரியாவோட வேஃபர் (சிப் வெட்டி எடுக்கிற சிலிக்கான் தட்டு) ஓடுறது ஜெர்மனியில ஹாம்பர்க், இங்கிலாந்துல மான்செஸ்டர். ஆனா அதுல 70 சதவீதம் கிட்ட வெட்டி பேக்கேஜ் பண்றது சீனாவுல. கொஞ்ச நாள்லயே ஹோண்டா மெக்சிகோவுல இருக்கிற ப்ளாண்ட்ட நிறுத்த வேண்டியதாகிடுச்சு. நெக்ஸ்பீரியா பண்றது என்னன்னு பார்த்தா பிசி847, 2என்7002, பிஏடி54, 74ஹெச்சி சீரிஸ் லாஜிக், அதாவது நம்ம எல்லார் போர்டுலயும் இருக்கிற சாமான் தான்.

நான் சொல்ல வர்றது மாசம் சில நூறு இல்ல சில ஆயிரம் போர்டு போடுறவங்களுக்கு. நம்ம ஊர் பக்கம் பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பண்றாங்களே, அந்த மாதிரி ஒரு போர்ட மனசுல வச்சுக்கங்க: ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு 4ஜி மாட்யூல், ரிலே, ஆப்டோ, பவர் சப்ளைக்கு நாலஞ்சு ஐசி, அப்புறம் கையளவு கெப்பாசிட்டர் ரெசிஸ்டர். இவ்ளோ சின்ன போர்டுக்கு உலக மார்க்கெட் எல்லாம் எதுக்கு பார்க்கணும்னு தோணும். சின்ன வால்யூம்ல வாங்குறவங்களுக்கு தான் பஞ்சம் வந்தா கடைசியா கிடைக்கும், அதுனால நாம தான் மத்தவங்களுக்கு முன்னாடி பார்க்கணும்.

முதல்ல ஒன்னு. செய்தியில வர்ற “சிப் மார்க்கெட் ஏறுது, இறங்குது”ங்கிறத வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. 2024ல உலகம் பூரா செமிகண்டக்டர் விற்பனை 627.6 பில்லியன் டாலர், முந்தின வருஷத்தை விட 19.1 சதவீதம் ஜாஸ்தி, அதைப் படிச்சா எல்லா இடத்துலயும் அள்ளிட்டுப் போறாங்கன்னு நினைப்போம். ஆனா அதே வருஷம் டிசம்பர்ல மைக்ரோகன்ட்ரோலர் பண்ற மைக்ரோசிப் கம்பெனி, ஆர்டர் இல்லாம, ஸ்டாக் தேங்கி, அரிசோனா டெம்பியில இருக்கிற ஃபேப்ப, அதாவது சிப் ஃபேக்டரிய, மூடப் போறோம்னு அறிவிச்சாங்க. ஏறுனது ஏஐ சிப்பும் மெமரியும், மைக்ரோகன்ட்ரோலரும் அனலாக்கும் படுத்து கிடந்துச்சு. மார்க்கெட்ங்கிறது ஒன்னு கிடையாது, பார்ட் எந்த லைன்ல ஓடுதோ அந்த லைனுக்குன்னு தனி மார்க்கெட் இருக்கு, அந்த வரிசையில உங்க கூட யார் நிக்குறாங்கங்கிறது தான் உங்க விலையையும் லீட் டைமையும், அதாவது ஆர்டர் போட்டு சரக்கு கைக்கு வர ஆகுற நேரத்தையும், தீர்மானிக்கும்.

பாம் ஷீட்ட லைன் வாரியா பிரிங்க

எக்செல்ல பாம் ஷீட்ட, அதாவது போர்டுல போற எல்லா பார்ட்டோட லிஸ்ட்ட, திறந்து ஒவ்வொரு பார்ட்டுக்கும் கொஞ்சம் காலம் கூட சேருங்க: வேஃபர் எங்க ஓடுது, பேக்கேஜ் எங்க நடக்குது, அதே ஃபுட்பிரிண்ட்ல (போர்டுல அதே பேட்ல உட்கார்ற மாதிரி) வேற யார் பண்றாங்க, இன்னைக்கு லீட் டைம் எத்தனை வாரம், இதை பெரிய அளவுல வாங்குற இன்டஸ்ட்ரி எது. இந்த விவரம் எல்லாம் எங்க கிடைக்கும்னா, கம்பெனிக்காரங்க பார்ட்ல ஏதாச்சும் மாத்தினா போடுற பிசிஎன் நோட்டீஸ்ல ஃபேப் பேரும் அசெம்ப்ளி சைட் பேரும் எழுதியிருப்பாங்க, சில கம்பெனி ரீல் லேபிள்லயே எந்த நாட்டுல டிஃப்யூஸ் ஆச்சு (வேஃபர் ஓடுச்சு) எந்த நாட்டுல அசெம்பிள் ஆச்சுன்னு தனித்தனியா போட்டிருக்கும், ஸ்டோர்ல போய் ரீல எடுத்து திருப்பிப் பார்த்தாலே பாதி காலம் நிரம்பிடும்.

பிரிச்சா பெரும்பாலும் நாலு கூட்டமா நிக்கும். மெமரி ஒன்னு. மைக்ரோகன்ட்ரோலர், மாட்யூல் உள்ள இருக்கிற சிப் மாதிரி 90, 40 நானோமீட்டர் வகையறா ஒன்னு. டயோடு, மாஸ்ஃபெட், ரெகுலேட்டர், ஆப்ஆம்ப் மாதிரி பழைய சின்ன வேஃபர்ல ஓடுறது ஒன்னு. அப்புறம் எம்எல்சிசி (அடுக்கு செராமிக் கெப்பாசிட்டர்), ரெசிஸ்டர், கிரிஸ்டல் இந்த பேசிவ் கூட்டம். கனெக்டர், ரிலே எல்லாம் வேற கதை, அது இங்க வேண்டாம்.

மெமரி: இப்போ அதிகமா கவனிக்க வேண்டியது

போர்டுல லினக்ஸ் ஓடுதுன்னா, டிடிஆர், எல்பிடிடிஆர், இஎம்எம்சி மாதிரி தனி மெமரி சிப் ஏதாவது இருக்குன்னா இந்த பகுதி உங்களுக்கு தான். ஏஐ சர்வர் ஜிபியு பக்கத்துல வைக்கிற ஹெச்பிஎம் மெமரி இருக்கே, அதே அளவு பிட் எடுக்க சாதாரண டிடிஆர்5ஐ விட சுமார் மூணு மடங்கு வேஃபர் தின்னும்னு மைக்ரானே சொல்லியிருக்காங்க. ஹெச்பிஎம்ல லாபமும் ஜாஸ்தி. அப்போ சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேரும் லைன்ன அந்த பக்கம் திருப்புறாங்க, 2025ல பழைய டிடிஆர்4ஐ படிப்படியா நிறுத்தப் போறோம்னு சொன்னதும் எல்லாரும் கடைசி ஸ்டாக்குக்கு பாய்ஞ்சு, வருஷ நடுவுல டிடிஆர்4 ஸ்பாட் விலை (அன்னன்னைக்கு மார்க்கெட்ல விக்கிற விலை) புது டிடிஆர்5ஐயே தாண்டிடுச்சு. பழசுன்னா சீப்பா கிடைக்கும்ங்கிற கணக்கு மெமரியில கடைசி காலத்துல தலைகீழாகிடும், இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. 2025 டிசம்பர்ல சின்ன கம்ப்யூட்டர் போர்டு விக்கிற ராஸ்பெர்ரி பை கம்பெனி, மெமரி விலைய காரணம் காட்டி போர்டு விலைய ஏத்தினாங்க, அதே மாசம் மைக்ரான் க்ரூஷியல் பேர்ல கடையில வித்துட்டு இருந்த தொழிலையே விட்டு வெளிய வர்றோம்னு அறிவிச்சாங்க. கடைக்காரனுக்கு குடுக்க வேண்டிய வேஃபர் டேட்டா சென்டருக்கு போகுது, அவ்ளோ தான் காரணம்.

இதுக்கு என்ன பண்ணலாம். முதல் கேள்வி, உங்க வேலைக்கு உண்மையிலேயே லினக்ஸ் வேணுமா? மோட்டார ஆன் ஆஃப் பண்ணி, வோல்டேஜ் பார்த்து, ஒரு மெசேஜ் அனுப்புற வேலைக்கு உள்ளேயே ஃப்ளாஷும் ரேமும் இருக்கிற மைக்ரோகன்ட்ரோலர் போதும்னா அதுக்கு மாறிடுங்க, அந்த நிமிஷமே நீங்க டேட்டா சென்டர் நிக்குற வரிசையில இருந்து வெளிய வந்துடுறீங்க. மாற முடியாதுன்னா டிசைன்ல ரெண்டு கெப்பாசிட்டி மெமரிய, ரெண்டு மேக்கரோடத, முன்னாடியே பூட் பண்ணி டெஸ்ட் பண்ணி லிஸ்ட்ல வைங்க. கஸ்டமருக்கு குடுக்குற கொட்டேஷன்ல மெமரி விலைக்கு மட்டும் தனியா இத்தனை நாள் தான் செல்லும்னு எழுதுங்க, மூணு மாசத்துக்கு விலை நிக்கும்னு ஒத்துக்கிட்டு அப்புறம் கைக்காசு போட்டு டெலிவரி பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. மெமரி மார்க்கெட்ட அலசுற ட்ரெண்ட்ஃபோர்ஸ்காரங்க ஒவ்வொரு காலாண்டும் கான்ட்ராக்ட் விலை எந்த பக்கம் போகும்னு போடுவாங்க, துல்லியம் பார்க்க வேண்டாம், திசை மட்டும் பாருங்க போதும்.

மைக்ரோகன்ட்ரோலர்: 2021 சொல்லிக் குடுத்தது

2020 ஆரம்பத்துல கார் விக்காதுன்னு பயந்து கார் கம்பெனிங்க சிப் ஆர்டர கேன்சல் பண்ணாங்க, அதே நேரத்துல வீட்டுல இருந்து வேலை பார்க்க லேப்டாப், ரூட்டர்னு டிமாண்ட் எகிறி அந்த காலி இடத்த பிடிச்சிடுச்சு, அப்புறம் கார்காரங்க திரும்பி வந்தப்போ வரிசையில இடம் இல்ல. இதுக்கு மேல 2020 அக்டோபர்ல ஜப்பான் நோபியோகாவுல ஏகேஎம் ஃபேப் தீ, 2021 பிப்ரவரியில டெக்ஸாஸ் பனிப்புயல்ல கரண்ட் போய் என்எக்ஸ்பி, இன்ஃபினியான், சாம்சங் மூணும் நின்னுச்சு, மார்ச் 19ல ரெனசாஸ் நாகா ஃபேக்டரி தீ. லீட் டைம் 52 வாரம்னு ஸ்க்ரீன்ல காட்டுச்சு. எஸ்டி கம்பெனியோட எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் மாதிரி எங்கயும் கிடைச்ச சாதாரண பார்ட்ட புரோக்கருங்க பல மடங்கு விலைக்கு வித்தாங்க.

அப்போ ஏன் யாரும் சட்டுனு கூட உற்பத்தி பண்ணலன்னா, ஒரு வேஃபர் உள்ள போய் வெளிய வரவே ஏறக்குறைய மூணு மாசம் ஆகும், அப்புறம் பேக்கேஜ், டெஸ்ட்னு இன்னும் சில வாரம். புது ஃபேப் கட்டணும்னா வருஷக்கணக்குல ஆகும், அதுவும் லாபம் கம்மியா வர்ற பழைய ப்ராசஸுக்கு புது ஃபேப் போட பெரும்பாலான கம்பெனிங்க தயங்குவாங்க. இதுல சீனா பெரிய விதிவிலக்கு, 28 நானோமீட்டரும் அதுக்கு மேல உள்ள பழைய ப்ராசஸும் அங்க வேகமா கூடிட்டு இருக்கு, அதோட விளைவு தான் சீப்பான சீன மைக்ரோகன்ட்ரோலர். ஆனா நீங்க அமெரிக்காவுக்கு ஏத்துமதி பண்றவங்கன்னா கவனம், 2025 ஜனவரி 1ல இருந்து சீன செமிகண்டக்டர் மேல அங்க 50 சதவீத டியூட்டி, போர்டுல இருக்கிற சிப் எந்த நாட்டுதுன்னு கஸ்டமர் கேட்க ஆரம்பிச்சா பதில் கையில இருக்கணும்.

அந்த பஞ்சத்துல தப்பிச்சவங்க ரெண்டு வகை. ஒன்னு டொயோட்டா மாதிரி, 2011 நிலநடுக்கத்துல அடி வாங்கினதுக்கு அப்புறம் சப்ளையருங்கள ரெண்டுல இருந்து ஆறு மாசத்துக்கு சிப் ஸ்டாக் வைக்கச் சொல்லியிருந்தாங்க, கடைசியில 2021 செப்டம்பர்ல அவங்களும் உற்பத்தி குறைச்சாங்க தான், ஆனா மத்தவங்கள விட பல மாசம் தாக்குப் பிடிச்சாங்க. இன்னொன்னு வேற சிப்புக்கு தாவத் தெரிஞ்ச சின்ன டீம்கள். 2021ல தான் ராஸ்பெர்ரி பையோட ஆர்பி2040 மைக்ரோகன்ட்ரோலர் வந்துச்சு, ஒரு டாலர், கையில ஸ்டாக் இருந்துச்சு, ஃபர்ம்வேர்ல (சிப்புக்குள்ள ஓடுற ப்ரோக்ராம்ல) ஹார்ட்வேர தொடுற பகுதிய தனியா பிரிச்சு எழுதியிருந்தவங்க வேகமா மாறிட்டாங்க. ரெஜிஸ்டர கோட் பூரா அங்கங்க நேரா தொட்டு எழுதியிருந்தவங்களால மாற முடியல. அதுனால இது பர்ச்சேஸ் டிப்பார்ட்மென்ட் வேலைன்னு மட்டும் நினைக்காதீங்க, ஃபர்ம்வேர் எழுதுற தம்பி தங்கச்சிங்களையும் கூட உட்கார வைங்க. இன்னைக்கு இஎஸ்பி32-சி3, சிஹெச்32வி003 மாதிரி ரிஸ்க்-ஃபைவ் சிப் எல்லாம் நல்ல விலையில இருக்கு, இதுல ஒன்ன ரெண்டாவது ஆப்ஷனா போர்டு எடுத்து ஓட்டிப் பார்த்து வச்சிருக்கிறது பெரிய பலம்.

டிசைன்லயே மாத்து பார்ட்டுக்கு இடம் விடுங்க

டயோடு, டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட்டுக்கு எப்பவும் குறைஞ்சது மூணு மேக்கர் அப்ரூவ் பண்ணி வைங்க, அதுல ரெண்டு பேர் ஒரே நாட்டுல பேக்கேஜ் பண்றவங்களா இருக்கக்கூடாது. நெக்ஸ்பீரியா விஷயம் காட்டுனது இது தான். ஆனா பேரு ஒன்னா இருக்குன்னு அப்படியே மாத்திடாதீங்க. டிஎல்431ங்கிற வோல்டேஜ் ரெஃபரன்ஸ் ஐசிய எடுத்துக்கங்க, எஸ்ஓடி-23 பேக்கேஜ்ல டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஎல்431ல முதல் கால் கேத்தோடு, ரெண்டாவது கால் ரெஃபரன்ஸ், வேற சில மேக்கர்ல அது அப்படியே திருப்பி இருக்கும், பேரு மட்டும் அதே டிஎல்431. மாத்திப் போட்டா அசெம்ப்ளியில யாருக்கும் தெரியாது, பவர் குடுத்தா தான் தெரியும். ரெகுலேட்டர்லயும் இதே மாதிரி ஒரு குழி உண்டு, பழைய எல்டிஓ சிலது அவுட்புட்ல செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தா ஆசிலேட் ஆகும், மாத்து பார்ட் போடும்போது டேட்டாஷீட்ல இஎஸ்ஆர் (கெப்பாசிட்டர் உள்ளேயே இருக்கிற ரெசிஸ்டன்ஸ்) பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சிடுங்க.

எம்எல்சிசி பஞ்சம் 2018ல வந்துச்சு, அப்போ முராட்டா பழைய பெரிய சைஸ் உற்பத்திய குறைக்கிறோம், சின்ன சைஸுக்கு மாறுங்கன்னு சொன்னாங்க. போன், கார் ரெண்டும் இழுக்குற திசை அது தான், அதுனால புது போர்டுல 1206, 0805ன்னு பெரிய சைஸ பழக்கத்துக்கு போடாம சின்ன சைஸான 0603, 0402 யோசிங்க. அதுக்காக கண்ண மூடிட்டு குறைக்கவும் கூடாது, 10 மைக்ரோஃபாரட் 6.3 வோல்ட் 0402ல 5 வோல்ட் குடுத்தா பாதிக்கு மேல கெப்பாசிட்டன்ஸ் காணாம போயிடும். மேக்கர் சைட்ல வோல்டேஜ் குடுத்தா கெப்பாசிட்டன்ஸ் எவ்ளோ குறையும்னு காட்டுற டிசி பயாஸ் கர்வ் இருக்கும், அத பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. பிசிபியில ரெண்டு சைஸும் உட்கார்ற மாதிரி பேட் போட்டு வைக்கிறதும் நல்ல பழக்கம்.

கேலியம் நைட்ரைடு, சிலிக்கான் கார்பைடு எல்லாம் எஃபிஷியன்சி நல்லா தரும், எனக்கு ரொம்ப பிடிச்ச டெக்னாலஜி. ஆனா சப்ளை பக்கம் இன்னும் செட்டில் ஆகல. சிலிக்கான் கார்பைடுல முன்னோடியான வுல்ஃப்ஸ்பீட் 2025 ஜூன்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போச்சு, டிஎஸ்எம்சி 2027 ஜூலைக்குள்ள கேலியம் நைட்ரைடு ஃபவுண்ட்ரி வேலைய விடப் போறோம்னு சொல்லிட்டாங்க. இந்த பார்ட்டுங்கள்ல பேக்கேஜும் மேக்கருக்கு மேக்கர் வேற வேற, ஒருத்தர் போனா இன்னொருத்தர் பார்ட் அதே பேட்ல உட்காராது. வேணும்னா பவர் சப்ளைய தனி குட்டி போர்டா பிரிச்சு வைங்க, நாளைக்கு அத மட்டும் மாத்தினா போதும்.

மார்க்கெட் திரும்புறத எப்படி கண்டுபிடிக்கிறது

ஸ்டாக் எண்ணிக்கைய பார்த்து நிம்மதி ஆகாதீங்க, அது ஒரே நாள்ல யாராச்சும் மொத்தமா அள்ளிட்டுப் போயிடுவாங்க. பார்க்க வேண்டியது லீட் டைம் எந்த பக்கம் நகருதுங்கிறது. உங்க பாம்ல முக்கியமான பத்து பதினைஞ்சு பார்ட்ட மட்டும் எடுத்து, பார்ட் தேடுற சைட்டான ஆக்டோபார்ட்லயும், டிஸ்ட்ரிபியூட்டருங்க டிஜிகீ, மௌசர் பக்கத்துலயும் வாரம் ஒரு நாள் பார்த்து ஷீட்ல எழுதிட்டு வாங்க. 12 வாரம் 16 ஆகி 20 ஆகுதுன்னா, இன்னும் ஸ்டாக் இருந்தாலும் அந்த லைன் இறுகுது. கூடவே பேச்சு மாறுறதையும் கேளுங்க: டிஸ்ட்ரிபியூட்டர் கொட்டேஷன் ஒரு மாசம் செல்லும்னு குடுத்துட்டு இருந்தவர் ஒரு வாரம்னு சொல்றது, என்சிஎன்ஆர் கையெழுத்து கேக்குறது, அதாவது கேன்சலும் கிடையாது ரிட்டர்னும் கிடையாதுன்னு, “அலொகேஷன்”ங்கிற வார்த்தை, அதாவது இருக்கிறத பங்கு போட்டு தான் தருவோம்னு, மெயில்ல வர்றது, தெரியாத புரோக்கர் உங்க பார்ட் நம்பர சொல்லி ஸ்டாக் இருக்குன்னு மெயில் போடுறது. இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்துச்சுன்னா அன்னைக்கே உட்கார்ந்து ஆர்டர் போடணும். எதிர் பக்கமும் உண்டு, சேம்பிள் வேணுமா சார்னு அவங்களே கூப்பிடுறாங்க, எம்ஓக்யூவ (குறைஞ்சது இத்தனை பீஸ் வாங்கணும்ங்கிற அளவ) தளர்த்துறாங்க, லீட் டைம் எட்டு வாரத்துக்கு கீழ வந்துடுச்சுன்னா கிடங்குல சரக்கு தேங்கியிருக்குன்னு அர்த்தம், அப்போ விலை பேசுங்க, நல்லா பேசுங்க.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், எஸ்டி, மைக்ரோசிப் இவங்க காலாண்டு ரிசல்ட்ல இன்வென்டரி எத்தனை நாளுக்கு இருக்குன்னு சொல்வாங்க, அது குறைய ஆரம்பிச்சா அடுத்த சில காலாண்டுல லீட் டைம் கூடும்னு எதிர்பார்க்கலாம்.

பயத்துல ஒரே பார்ட்ட மூணு இடத்துல ஆர்டர் போடுறத மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க. எல்லாரும் அப்படி போட்டதுல தான் 2021 டிமாண்ட் உண்மைய விட பெருசா தெரிஞ்சுது, 2023ல எல்லா சரக்கும் ஒரே நேரத்துல வந்து இறங்கி காசு முடங்கி எத்தனையோ சின்ன கம்பெனி திணறுச்சு. என்சிஎன்ஆர்ல கையெழுத்து போட்டிருந்தா வர்ற சரக்க வேண்டாம்னு சொல்லவும் வழி இல்ல.

எவ்ளோ ஸ்டாக் வைக்கிறது

எல்லாத்துக்கும் ஒரே கணக்கு போடாதீங்க. பிசி847 ஒரு ரீல் 3000 பீஸ், சில ஆயிரம் ரூபா தான் வரும், அந்த மாதிரி சீப் பார்ட்ட ஒரு வருஷ தேவைக்கு வாங்கி வச்சிடுங்க, அது இல்லாம நிக்கிற ஒரு நாள் நஷ்டம் அதை விட பல மடங்கு. மைக்ரோகன்ட்ரோலருக்கு இன்னைக்கு லீட் டைம் எவ்ளோவோ அவ்ளோ, கூட ஒரு மாசம். மெமரியும் 4ஜி மாட்யூலும் விலை கூடினது, கையில ஆர்டர் இருக்கிற அளவுக்கு வாங்குங்க. இறக்குமதி பண்ணும்போது பெரும்பாலான ஐசிக்கு பேசிக் கஸ்டம்ஸ் டியூட்டி கிடையாது ஆனா 18 சதவீத ஐஜிஎஸ்டி முன்னாடியே கட்டணும், க்ரெடிட் எடுக்கிற வரைக்கும் அந்த காசும் முடங்கும், அதையும் கணக்குல சேருங்க. சானந்த், ஜாகிரோடு, தொலேரான்னு இந்தியாவுல சிப் ஃபேக்டரி வர்றது சந்தோஷமான விஷயம், அதுல நிறைய பேக்கேஜிங் யூனிட், பெரிய வாடிக்கையாளருக்கு போகுற சரக்கு. அத நம்பி இந்த வருஷ பர்ச்சேஸ மாத்த வேண்டாம்.

ரொம்ப நாள் வைக்கிறதுன்னா ஈரம் தான் எதிரி. எம்எஸ்எல் 3ன்னு (ஈரம் எவ்ளோ தாங்கும்ங்கிற ரேட்டிங்) போட்ட ஐசிய கவர் பிரிச்சா 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள்ள 168 மணி நேரம் தான் கணக்கு, சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஏசி இல்லாத ஸ்டோர்ல அதுவும் தாங்காது. தேவைக்கு எடுத்துட்டு மீதிய சிலிக்கா ஜெல், ஈரப்பத கார்டு போட்டு திரும்ப சீல் பண்ணுங்க. ஈரம் ஏறிட்டா ரீலோட 125 டிகிரி அவன்ல வச்சிடாதீங்க, டேப் உருகிடும், 40 டிகிரியில பல நாள் வைக்கணும்.

பிசிஎன் மெயிலுக்கும், பார்ட்ட நிறுத்தப் போறோம்னு சொல்ற இஓஎல் மெயிலுக்கும் ஒவ்வொரு மேக்கர் சைட்லயும் சப்ஸ்க்ரைப் பண்ணி கம்பெனி பொது ஐடிக்கு வர்ற மாதிரி வைங்க, ஒருத்தரோட சொந்த மெயிலுக்கு வந்து அவர் வேலைய விட்டுப் போனா அதோட போச்சு. வழக்கமா நிறுத்துறோம்னு சொன்னதுல இருந்து கடைசி ஆர்டருக்கு ஆறு மாசம், கடைசி ஷிப்மென்டுக்கு ஒரு வருஷம் குடுப்பாங்க. புது டிசைனுக்கு எடுக்கும்போதே எத்தனை வருஷம் பண்ணுவோம்னு எழுத்துல குடுத்திருக்காங்களான்னு பாருங்க, எஸ்டி பத்து வருஷ கமிட்மென்ட் குடுக்குறாங்க, ஆர்பி2040 குறைஞ்சது 2041 ஜனவரி வரைக்கும்னு சொல்லியிருக்காங்க.

வேற வழியே இல்லாம புரோக்கர் கிட்ட வாங்கினா

முழு காசையும் முன்னாடி அனுப்பாதீங்க, முதல்ல பத்து பீஸ் வாங்கி டெஸ்ட் பண்ணுங்க, மீதி சரக்கு அதே டேட் கோடுல (எப்போ தயாராச்சுங்கிற குறி) தான் வரணும்னு எழுதி வாங்குங்க. லேபிள்ல இருக்கிற டேட் கோடும் ஐசி மேல இருக்கிறதும் பொருந்துதான்னு பாருங்க. மைக்ரோஸ்கோப்ல மேல் பரப்பு ஒரே சீரா கீறல் விழுந்த மாதிரி இருந்தா, ஒன்னாம் கால் குழி பாதி அடைஞ்ச மாதிரி இருந்தா தேய்ச்சு திரும்ப பெயின்ட் அடிச்சிருக்கலாம், அசிட்டோன்ல பஞ்ச நனைச்சு தேய்ச்சா சில நேரம் கருப்பு வந்துடும். எஸ்டிஎம்32எஃப்103க்கு இன்னும் சுலபமான ஒரு சோதனை உண்டு, டீபக்கர் மாட்டினா ஒரிஜினல் 0எக்ஸ்1பிஏ01477ன்னு ஐடி காட்டும், 0எக்ஸ்2பிஏ01477ன்னு வந்தா அது க்ளோன். முதல் நம்பர் வந்துட்டா மட்டும் ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, வேற சில க்ளோனும் அதே நம்பர் காட்டும், அதுனால ஏடிசி, ஃப்ளாஷ், ஸ்லீப் கரண்ட் மூணையும் அளந்து பாருங்க. இதுக்கு ஒப்பிட ஒரிஜினல் கையில வேணும், ஆத்தரைஸ்டு டிஸ்ட்ரிபியூட்டர்ட்ட இருந்து ஒழுங்கா சரக்கு வர்ற காலத்துலயே ஒவ்வொரு முக்கிய ஐசியிலயும் சில பீஸ தனியா எடுத்து, இன்வாய்ஸ் நம்பர எழுதி, டிரை பேக்ல போட்டு வச்சிடுங்க.